செவலையைக் காரில் கூட்டி வருமுன்

அன்புள்ள மலருக்கு,

பொங்கலுக்கு நம் நாய் செவலையையும் காரிலேயே கூட்டி வருகிறோம் என்றாய். நல்லதுதான், வேறு யாரிடமாவது விட்டுவிட்டு வந்தால் அது சோறு தின்னாது. ஆனால் "பின் சீட்டில் சும்மா படுத்துக்கிடும்மா" என்று சொன்னாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதி உன் காதில் விழாது. மாப்பிள்ளையும் ஒரு தடவை படிக்கட்டும், ஓட்டப்போவது அவர்தானே.

செவலை 18 கிலோ இருக்கும். வண்டி 60-ல் போய் எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால், அந்த 18 கிலோவை நிறுத்திப் பிடிக்க ஏறக்குறைய 500 கிலோ தாங்கும் பிடி வேண்டும். 80-ல் என்றால் 900. நான்கு வழிச் சாலையில் யார் 80-க்குக் கீழே போகிறார்கள்? கட்டாத நாய் முன் சீட்டுக்காரர் முதுகில்தான் போய் விழும். ஆகவே மடியில் பிடித்துக்கொள்கிறேன் என்ற பேச்சே வேண்டாம். விபத்தை விடு, சடன் பிரேக் போட்டாலே போதும். செவலை சிப்பிப்பாறை இன வேட்டை நாய், அதற்கு முன்னங்கால் எலும்பு நீளம், மெலிவு. சீட்டிலிருந்து கால் வைக்கும் பள்ளத்தில் உருண்டு விழுந்தால் கால் முறியலாம்.

கழுத்துப்பட்டையில் கட்டி வராதே. பிரேக் போடும்போது இழுப்பு முழுவதும் தொண்டையிலும் கழுத்தெலும்பிலும் இறங்கும். நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸ்தான் வேண்டும். அதிலும் கடைக்காரர் சொல்கிற "மீடியம் சைஸ்" நம் நாய்க்குப் பொருந்தாது. பல நாய்களுக்கு நெஞ்சும் வயிறும் கிட்டத்தட்ட ஒரே பருமன். சிப்பிப்பாறைக்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒட்டி உள்ளே போயிருக்கும், தலையும் குறுகல். இரண்டு பட்டை ஹார்னஸைப் போட்டால் பின்னோக்கி நாலு அடி வைத்துத் தோளைக் குறுக்கி உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். அதனால் மூன்று பட்டை உள்ளதாகப் பார்த்து வாங்கு: கழுத்தடியில் ஒன்று, முன்னங்காலுக்குப் பின்னால் ஒன்று, விலா முடிந்து இடுப்பு ஒடுங்கும் இடத்தில் ஒன்று. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சின் மிகப் பருத்த இடத்தை டேப் வைத்து அளந்து, அந்த அளவைச் சொல்லி வாங்கு. போட்டபின் பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் தளர்வு. முடி குட்டையாக இருப்பதால் அக்குளில் நைலான் உரசிப் புண்ணாகும், அந்த இடத்தில் மெத்தை வைத்துத் தைத்திருக்கிறதா பார்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடு. ஹார்னஸை மாட்டிவிட்டு, நாய்க்கு நேர் எதிரே நின்று, முதுகு வளையத்தில் மாட்டிய லீஷை, அதாவது கையில் பிடிக்கும் கயிற்றை, அதன் தலைக்கு மேலாக உன் பக்கம் மெதுவாக இழு. அது பின்னால் போகப் பார்க்கும். முழங்கை பட்டைக்குள்ளிருந்து வெளியே வர ஆரம்பித்தால் அந்த ஹார்னஸ் உதவாது, திருப்பிக் கொடுத்துவிடு.

இன்னொன்று, கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நடைக்கு உரியவை. அட்டையில் "கிராஷ் டெஸ்டட்", அதாவது மோதவிட்டுச் சோதித்தது, என்று அச்சடிப்பதற்கு யாரிடமும் சான்று வாங்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் சென்டர் ஃபார் பெட் சேஃப்டி என்ற அமைப்பு 2013-ல் சுபாரு நிறுவனத்தோடு சேர்ந்து, எடை ஏற்றிய நாய்ப் பொம்மைகளுக்கு ஹார்னஸ் மாட்டி மோதவிட்டுப் பார்த்தது. சில ஹார்னஸ்கள் அறுந்தே போயின, ஸ்லீப்பிபாட் நிறுவனத்தின் ஹார்னஸ்தான் முதலிடத்தில் வந்தது. அதைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. எதை வாங்கினாலும் இழுப்பு எந்த வழியாகப் போகிறது என்று பார். நெஞ்சுப் பட்டையும் முதுகு வளையமும் ஒரே நாடாவில் இருக்க வேண்டும், நடுவில் பிளாஸ்டிக் கிளிப் வந்தால் அது முதலில் உடையும். தையல் சதுரமும் அதற்குள் குறுக்குக் கோடுமாக இருக்க வேண்டும். வளையம் சாவிக்கொத்து வளையம் போலப் பிரியக் கூடாது, பற்றவைத்த இரும்பாக இருக்க வேண்டும்.

ஹார்னஸை வண்டியோடு இணைக்கும் நாடாவை எதில் கட்டுவது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். சீட்டின் தலையணையில் மாட்டும் நாடா மலிவாகக் கிடைக்கும், அது வேண்டாம். தலையணைக் கம்பி அப்படி இழுக்கப்படுவதற்காகச் செய்ததல்ல, கட்டும் இடமும் உயரம். சீட் பெல்ட் பக்கிளில் சொருகும் வகை பரவாயில்லை, ஆனால் நாய் அந்தச் சிவப்புப் பட்டன் மேலேயே கால் வைத்து நிற்கும், டக்கென்று கழன்றுவிடும். எல்லா வண்டிக்கும் ஒரே நாக்கு பொருந்துவதும் இல்லை. பின் சீட்டுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே கையை விட்டுப் பார், 28 செ.மீ. இடைவெளியில் இரண்டு சின்ன இரும்புக் கம்பிகள் தட்டுப்படும். ஐசோஃபிக்ஸ் என்பார்கள், குழந்தை சீட் மாட்டுவதற்காக வண்டிச் சட்டத்தோடு சேர்த்துப் பொருத்தியவை. அதில் மாட்டு. மாட்டும் கொக்கி திருகிப் பூட்டுவதாக இருக்கட்டும். "நாட் ஃபார் கிளைம்பிங்" (மலையேற அல்ல) என்று பொறித்திருந்தால் அது சாவி தொங்கவிடுவதற்குத்தான் லாயக்கு.

நாடாவை 40 செ.மீ. அளவில் வைத்துத் தொடங்கி, பிறகு குறைத்துக்கொண்டே வா. செவலை உட்கார முடிய வேண்டும், சுருண்டு படுக்க முடிய வேண்டும், அவ்வளவுதான். முன்னோக்கி இழுத்தால் நெஞ்சு சீட்டின் விளிம்பைத் தாண்டக் கூடாது. பாவம், இன்னும் கொஞ்சம் விடுவோம் என்று உனக்குத் தோன்றும். விடாதே. வண்டி நிற்க ஆரம்பித்த பிறகும் நாடா இறுகும்வரை நாய் பழைய வேகத்திலேயே போகும், தளர்வு கூடக் கூட கடைசி வெட்டு பலமாக விழும். ரப்பர் போல நீளும் நாடா அதிர்ச்சியைத் தாங்கும் என்று விற்கிறார்கள், மோதலில் அது நீண்டு நாயை முன் சீட்டில் கொண்டுபோய் அடிக்கும். கிளம்பும் முன்பு நாடாவைக் கொக்கியிலிருந்து ஒரு சாண் தூரம் விரலால் தடவிப் பார், கடித்து நூல் கிளம்பியிருந்தால் மாற்றிவிடு.

உட்காரும் இடம் பின் சீட்டில் இடப்பக்கம். கதவைத் திறந்தால் ரோட்டோரம் வர வேண்டும், லாரி போகிற பக்கம் வரக் கூடாது. முன் சீட்டில் ஏர்பேக் இருப்பதால் அங்கே நாய்க்கு இடமே இல்லை. டிக்கியிலும் வேண்டாம், பின்னாலிருந்து ஒருவன் இடித்தால் முதலில் நசுங்குவது அதுதான். கால் பள்ளத்தில் பழைய போர்வை, தலையணை எல்லாம் திணித்து சீட் மட்டத்துக்கு நிரப்பிவிடு. தொட்டில் மாதிரி விரிக்கும் சீட் கவர் அழுக்குக்குத்தான், அதைப் பிடிமானம் என்று நம்பாதே. கண்ணாடியின் லாக் பட்டனை மாப்பிள்ளை கட்டாயம் அழுத்தி வைக்க வேண்டும். நாய் தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஸ்விட்சில் கால் வைத்தால் கண்ணாடி கழுத்தில் ஏறும்.

ஹார்னஸைப் புறப்படும் அன்று முதல் தடவையாக மாட்டாதே. ஒரு வாரம் வீட்டில் போட்டுப் பழக்கு, பிறகு நின்ற வண்டியில், பிறகு தெருவைச் சுற்றி. கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடு. வாந்தி எடுக்கும் நாய் என்றால் கால்நடை மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கு, நமக்குப் போடுகிற அவோமினை நீயாகக் கொடுக்காதே.

தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் முழுக்க இறக்கம், லாரிகள் பிரேக் பிடிக்காமல் வரும் இடம். அதற்கு முன்பே வண்டியை நிறுத்தி நாயை இறக்கி ஏற்றிவிட்டு, நாடாவையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள். பிறகு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தினால் போதும். நிறுத்தும் இடத்தில் ஒரே ஒழுங்குதான்: கதவு மூடியிருக்கும்போதே லீஷை மாட்டு, மணிக்கட்டில் சுற்றிக்கொள், பிறகு நாடாவைக் கழற்று, கடைசியாகக் கதவு. மாற்றிச் செய்தால் எதிரே ஒரு ஆட்டைப் பார்த்த மாத்திரத்தில் செவலை நான்கு வழியையும் கடந்திருக்கும். வேட்டை நாய், கூப்பிட்டால் திரும்பாது. கழுத்தில் உங்கள் இருவர் போன் நம்பரும் பொறித்த தகடு இருக்கட்டும்.

சாப்பிட ஹோட்டலில் நிறுத்தினால் ஒருவர் மாற்றி ஒருவர் போங்கள். வெளியே 35 டிகிரி என்றால் மூடிய வண்டிக்குள் பத்து நிமிடத்தில் 45-ஐத் தொட்டுவிடும், கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிதாக ஒன்றும் குறையாது. தை மாதம்தானே என்று நினைக்காதே, மதுரைக்குத் தெற்கே மத்தியான வெயில் வெயில்தான்.

சாத்தூர் தாண்டியதும் எனக்குப் போன் பண்ணு. வாசலில் ஆடுகள் கட்டியிருக்கும், அவிழ்த்துக் கொல்லைக்குக் கொண்டுபோய்விடுகிறேன். வண்டி உள்ளே வந்து நான் கேட்டைச் சாத்தியபிறகு நாடாவைக் கழற்று.

அன்புடன்,
அம்மா