முதலில் சுருதியைக் கேளுங்கள்: இசை, நடனச் சேர்க்கைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

சென்னைப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் இசை, நடனப் பட்டப்படிப்புகளுக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். பெரம்பூரில் என் வீட்டுக் கூடத்தில் இருபத்தோர் ஆண்டுகளாக வாய்ப்பாட்டு கற்பித்து வருகிறேன். சபாக்களில் கச்சேரி செய்தவள் அல்லள். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோரின் வீட்டில் இதற்கு முன் யாரும் சங்கீதம் கற்றதில்லை. அவர்களில் ஆண்டுக்கு ஒருவரோ இருவரோ இசையையே பட்டப்படிப்பாக எடுக்க விரும்பி, பிள்ளைகள் ‘ஆடிஷன்’ என்று சொல்லும் உங்கள் நேர்முகத் திறன் தேர்வுக்கு வந்து நிற்கிறார்கள். அந்தத் தேர்வுக்கு அவர்களை ஆயத்தம் செய்வதில் எனக்குள்ள இடர்ப்பாட்டை முன்வைத்து, உங்களால் எளிதில் செய்யக்கூடிய சிலவற்றைக் கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை முதலில் சொல்கிறேன். என் மாணவன் ஒருவனுக்குப் பதினேழு வயது; குரல் உடைந்து, ‘ஒரு கட்டை’ என்னும் தாழ்ந்த சுருதியில் நிலைத்திருந்தது. மோகனத்தில் ஆதி தாள வர்ணம் ஒன்றை இரண்டு காலங்களிலும் நன்றாகப் பாடுவான். தேர்வு அறைக்குள் அவன் நுழைந்தபோது, அவனுக்கு முன்னால் பாடிவிட்டுப் போன பெண்ணுக்காக வைத்த ஐந்து கட்டை என்னும் உயர்ந்த சுருதியிலேயே சுருதிப் பெட்டி ஒலித்துக்கொண்டிருந்திருக்கிறது. ‘பாடுப்பா’ என்றார்கள், பாடினான். அவனுடைய ‘ப’வான பஞ்சமம் அன்று அவனுக்கு ‘ஸ’வான சட்ஜமாயிற்று. மேல் ஸ்தாயிக்கு எட்டாது என்று அஞ்சி முழுவதையும் கீழே இறக்கிப் பாட, கீழ் ஸ்தாயியான மந்திரத்தில் குரல் காற்றாகிப் போனது. தலைக்கு மேல் மின்விசிறி வேறு. வெளியே வந்தவனிடம், ‘ஏன்டா, சுருதியை மாத்தித் தரச் சொல்லிக் கேட்கலாம் இல்ல?’ என்றேன். ‘கேட்கலாமா டீச்சர்?’ என்றான்.

அந்தக் கேள்விதான் இந்த இரண்டு ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. அறையில் இருந்தவர்கள் வேண்டுமென்று செய்ததாகவும் நான் நினைக்கவில்லை. சங்கீதக் குடும்பத்துப் பிள்ளையாக இருந்தால், உட்கார்ந்த உடனே ‘ஒரு கட்டை வையுங்கள், சார்’ என்று சொல்லியிருப்பான். மேடையில் பெரியவர்கள் தம்பூராவைச் சேர்த்துக்கொள்ளும் வரை பாடத் தொடங்காததைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்திருப்பான். என் மாணவனுக்கோ, தேர்வு அறையில் அதிகாரிகள் வைத்திருக்கும் எந்தப் பொருளும் தொடக்கூடாத பொருள். அன்று நீங்கள் அளந்தது அவன் ஞானத்தையா, அவன் கூச்சத்தையா? ஒவ்வொருவரும் உள்ளே வந்ததும் ‘உன் சுருதி என்ன?’ என்று கேட்டு, பெட்டியை மாற்றி, அரை நிமிடம் சட்ஜத்தில் நிற்க விடுங்கள். நான் கேட்பவற்றில் முதலாவதும் முக்கியமானதும் இதுதான்.

அடுத்தது, எதைக் கேட்பீர்கள் என்பதை முன்னதாகவே சொல்வது. எனக்குத் தெரிந்தவரை அறிவிப்புகளில் ‘செய்முறைத் தேர்வு நடைபெறும்’ என்ற ஒரு வரிக்கு மேல் பெரும்பாலும் இருப்பதில்லை. வர்ணம் போதுமா, கீர்த்தனை எத்தனை, ராகம் பாடச் சொல்வார்களா, கற்பனாஸ்வரம் உண்டா, தாளம் போட்டுக்கொண்டு அலங்காரங்களை மூன்று காலத்தில் பாடச் சொல்வார்களா என்பதையெல்லாம், முந்தைய ஆண்டு போய்வந்தவர்களிடம் வாய்மொழியாக விசாரித்துத்தான் ஆயத்தம் செய்கிறோம். விசாரிக்க ஆள் இல்லாதவர்கள் குருட்டாம்போக்கில் வருகிறார்கள். எங்கள் தெருவிலேயே பியானோ கற்கும் ஒரு சிறுமி ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்னும் இங்கிலாந்து இசைத் தேர்வு வாரியத்தின் கிரேடு தேர்வுக்குப் போகிறாள். மொத்தம் 150 மதிப்பெண். மூன்று உருப்படிகளுக்குத் தலா 30, ஸ்கேல்களுக்கு 21, பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21, செவித்திறனுக்கு 18. தேர்ச்சிக்கு 100 வேண்டும் என்பது பத்து வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. சங்கீதத்தை இப்படிக் கூறுபோட முடியாது என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். எனக்கும் அதில் பாதி உடன்பாடுதான். ஆனால் சுருதிக்கு இவ்வளவு, லயத்துக்கு இவ்வளவு, கேட்டதைத் திருப்பிப் பாடுவதற்கு இவ்வளவு என்று ஒரு பக்கத் தாளில் எழுதி வெளியிடுவதால் சங்கீதத்துக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

அந்தக் காலத்தில் குருகுலத்தில் பிள்ளையை மாதக்கணக்கில் கூடவே வைத்திருந்து, குரலும் குணமும் தெரிந்த பிறகே பாடம் தொடங்கினார்கள். 1936இல் கலாக்ஷேத்ராவும், 1949இல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு இன்றைய அரசு இசைக் கல்லூரியும் தோன்றிய பிறகு, குருவின் வீட்டுத் திண்ணையில் இடம் கிடைக்காதவர்களுக்கும் கல்வி கிடைத்தது. அந்த வாசலில் பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளையை எடைபோட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இருப்பதை உணர்கிறேன். நேரம் குறைவு என்பதால்தான், அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு பகுதியையாவது மனப்பாடம் செய்துவர முடியாத ஒன்றுக்கு ஒதுக்கச் சொல்கிறேன். நீங்கள் ஒரு சிறு ஸ்வரக் கோவையைப் பாடி, அதைத் திருப்பிப் பாடச் சொன்னால், வசதி உள்ள பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் அங்கே ஒரே செவிதான்.

மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் தேவாரம் கற்றுவிட்டு வருபவர்களைப் பற்றியும் ஒரு சொல். சங்கராபரணத்தையே தேவாரப் பண்களில் பழம்பஞ்சுரம் என்பார்கள். அந்தப் பண்ணில் பதிகம் பாடிப் பழகிய பிள்ளையிடம் ‘சங்கராபரணம் தெரியுமா?’ என்று கேட்டால் அவன் விழிக்கக்கூடும். பெயரில்தான் அந்தத் தடுமாற்றம், ஸ்வரத்தில் இல்லை. கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் அவன் பாடிக் காட்டிவிடுவான்.

நடனத்துக்கு வருபவர்களைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி குறைவு. ஆனாலும், ஜதி சொல்லித் தாளமிடும் நட்டுவாங்கத்துக்கு ஆசிரியரை அழைத்து வரலாமா, பதிவு செய்த இசை போதுமா, பென் டிரைவ் அங்கே வேலை செய்யுமா என்பவற்றை முன்கூட்டியே சொல்லலாம். காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லி மூன்று மணிக்கு அழைத்தால், அரைமண்டியில் அமரும்போது முழங்கால் அதைக் காட்டிக்கொடுக்கும் என்று என் தோழியான நடன ஆசிரியை சொல்கிறார். காத்திருப்பவர்கள் தட்டடவு தட்டியோ குரலைத் திறந்தோ பார்க்க ஒரு அறை இருந்தால் நல்லது. கத்திரி வெயிலில் பேருந்து ஏறி வருகிறார்கள். குடிக்கத் தண்ணீரும் இருக்கட்டும்.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்கக்கூடாது. பிளஸ் டூ ஆண்டு முழுவதும் ‘பரீட்சை முடியட்டும்’ என்று பாட்டை நிறுத்திவைக்கும் பெற்றோரிடம் நாங்கள் உறுதியாகப் பேசுவதில்லை. மார்ச்சில் பரீட்சை முடிந்து ஏப்ரலில் வரும் பிள்ளையிடம், அடிப்படைப் பயிற்சிகளான அகார சாதகத்தையும் சரளி வரிசையையும் மறுபடி தொடங்குவதற்குப் பதிலாக, தேர்வுக்கென்று நான்கு உருப்படிகளைத் திணிக்கிறோம். நானும் திணித்திருக்கிறேன். சுருதியைக் கேட்டு வாங்கும் உரிமை உனக்கு உண்டு என்று அந்தப் பையனிடம் முன்னதாகச் சொல்லாமல் விட்டதும் நான்தான். இப்போதெல்லாம் வகுப்பில் வேண்டுமென்றே பெட்டியைத் தவறான கட்டையில் வைத்துவிட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, ‘பாடு’ என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன். முதல் வாரம் அப்படியே பாடிவிடுகிறார்கள். மூன்றாவது வாரத்தில் ஒருவராவது கையை நீட்டிப் பெட்டியைத் திருகுகிறார்.

இந்த ஆண்டு என்னிடமிருந்து இருவர் வருகிறார்கள். பெண்ணுக்கு நாலரை கட்டை, பையனுக்கு ஒன்றரை. கேட்டால் சொல்வார்கள்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு வாய்ப்பாட்டு ஆசிரியை