வட்டாரச் சமையலுக்குப் பாடத்திட்டத்தில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நியூயார்க் ‘செம்மா’ உணவகத்தின் தலைமைச் சமையல் கலைஞர் விஜய் குமார் 2025-இல் அமெரிக்காவின் உயரிய சமையல் விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்றது குறித்த தங்கள் கட்டுரையைப் படித்தேன். அந்த உணவகம் 2022-இலேயே, சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிஷெலின் நட்சத்திரம் பெற்றது. திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தைச் சேர்ந்த அவர், நத்தைப் பிரட்டலை நியூயார்க் மக்கள் முன் தயக்கமின்றி வைத்தார். அயல்நாட்டு நாவுக்கு அஞ்சிக் காரத்தைக் குறைக்கவில்லை. விருதைவிட அந்தத் துணிவே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நான் கேட்டரிங் கல்லூரி ஒன்றில் பணியாற்றியவன். அங்கே பிரெஞ்சு சாஸ் வகைகளுக்கு வாரக்கணக்கில் வகுப்புகள் நடக்கும். நத்தைக்கும் கம்பங்கூழுக்கும் ஒரு நாள்கூட இல்லை. தமிழகக் கல்லூரிகள் வட்டாரச் சமையலைத் தேர்வுக்குரிய செய்முறைப் பாடமாக்கி, கிராமத்துச் சமையல்காரப் பெண்களையே பயிற்றுநர்களாக, உரிய ஊதியத்துடன் அமர்த்த வேண்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை