ஐந்து அலகில் ஆப்பிரிக்கா

கேப் டவுன்
ஆகஸ்ட், ஞாயிறு காலை

அன்புள்ள மங்கை,

உன் கடிதமும் பாடத்திட்ட வரைவும் வந்து பத்து நாளாகிறது. குளிரால் பதில் தாமதம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். இங்கே ஆகஸ்டில் மழைதான், மலையே கண்ணில் படுவதில்லை. ஆனால் உண்மைக் காரணம் வேறு. வரைவைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆறட்டும் என்று எடுத்து வைத்திருந்தேன்.

உன் மேல் இல்லைடி. ஒரு கண்டத்தை ஐந்து அலகில் அடைக்கச் சொன்னால் யார்தான் என்ன செய்ய முடியும்? ஆனாலும் நீ எழுதியிருப்பதை நீயே ஒருமுறை பார். முதல் அலகு, நில அமைப்பும் பழங்குடிகளும். இரண்டாவது, ஐரோப்பியர் வருகை, அடிமை வணிகம். மூன்றாவது, பெர்லின் மாநாடு. நான்காவது, காலனி ஆட்சி. ஐந்தாவது, விடுதலை, நிறவெறி, மண்டேலா. கண்டம் முழுக்க யாரோ வருகிறார்கள், பங்கு போடுகிறார்கள், ஆள்கிறார்கள், போகிறார்கள். அங்கே இருந்தவர்கள் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்கள்? முதல் அலகில் ஆறுகளோடும் மலைகளோடும் சேர்ந்து கிடக்கிறார்கள்.

நமக்கு எம்.ஏ.வில் ஆப்பிரிக்கா எங்கே வந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஐரோப்பிய வரலாற்றுத் தாளில், பிஸ்மார்க்குக்கும் முதல் உலகப் போருக்கும் நடுவில். பிரிட்டனும் பிரான்சும் முட்டிக்கொண்ட ஃபஷோடா எங்கே இருக்கிறது என்று நீ எழுந்து கேட்டாய். "ஆப்பிரிக்காவில்" என்று சொல்லி உட்காரச் சொன்னார் நம் சார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அது இப்போது தெற்கு சூடானில், வெள்ளை நைல் கரையில் இருக்கிறது. நாற்பது வருஷம் கழித்துப் பதில், வைத்துக்கொள்.

சரி, என் சேதிக்கு வருகிறேன். மகள் வேலைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் வீட்டில் நான் மட்டும். அதனால் வயதானவர்களும் சேரக்கூடிய ஒரு மாலை வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டேன். ஆப்பிரிக்க வரலாறு, இனம், அரசியல், கல்வி எல்லாம் கலந்த பாடம். வாரம் ஒரு நாள். முப்பது பேரில் புடவை நான் ஒருத்திதான். என் பக்கத்தில் உட்காரும் அம்மாளுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும், ஓய்வு பெற்ற நர்ஸ். கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று 1953இல் தனிச் சட்டம் போட்டுத் தரம் குறைத்து வைத்தார்களே, பாண்டு கல்வி, அதில் படித்தவர். கணக்குச் சொல்லிக் கொடுத்து இவர்களுக்கு என்ன பயன் என்று கேட்ட வெர்வூர்டுதான் அந்தத் துறைக்கு அமைச்சர். வெள்ளையர் 1652இல் இந்தக் கேப் முனையில் இறங்கியபோது உள்நாடு பெரும்பாலும் காலியாகக் கிடந்தது, கறுப்பர்களும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் வடக்கிலிருந்து வந்தார்கள் என்று அந்த அம்மாள் படித்த பள்ளிப் புத்தகத்தில் இருந்ததாம். பரீட்சையில் அப்படியே எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் இந்த நாட்டின் வட எல்லையில், லிம்போபோ ஆற்றுப் பக்கம் மபுங்குப்வே என்ற குன்றில் 13ஆம் நூற்றாண்டிலேயே ஓர் அரசு இருந்திருக்கிறது. தங்கத் தகட்டில் செய்த சின்னக் காண்டாமிருகம், இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் வந்து சேர்ந்த கண்ணாடி மணிகள், எல்லாம் கல்லறைகளில் கிடைத்தன. கிடைத்தது 1930களின் தொடக்கத்தில். அதாவது அந்த நர்ஸம்மா "காலி நிலம்" என்று எழுதி மார்க் வாங்கிய காலத்தில், அது பொய் என்பதற்கான சாட்சி பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் வசம் பத்திரமாக இருந்தது.

ஆப்பிரிக்காவை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதைப் பற்றி இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. உன் வேலைக்கு நேராகப் பொருந்துவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மஹ்மூத் மம்தானி பெயர் கேள்விப்பட்டிருப்பாய். பம்பாயில் பிறந்து உகாண்டாவின் கம்பாலாவில் வளர்ந்தவர், 1972இல் இடி அமீன் வெளியேற்றிய ஆசியர்களில் ஒருவர். 1996இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க ஆய்வுக்கான பேராசிரியரானார். முதலாண்டு மாணவர்களுக்கு ஆப்பிரிக்கா பற்றி ஓர் அடிப்படைப் பாடம் தயாரிக்கச் சொன்னார்கள், தயாரித்தார். பிறகு அதை ஒதுக்கிவிட்டு வேறு சிலர் தயாரித்ததை நடத்தினார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. 1998இல் எல்லாரையும் கூட்டி வைத்து, இது பாண்டு கல்விக்குப் புது வீடா என்று கேட்டுவிட்டார். அவர் சொன்ன குறைகளை என் வார்த்தையில் சொல்கிறேன். ஆப்பிரிக்கா என்றால் சஹாராவுக்குத் தெற்கே மட்டும் என்று வெட்டிவிட்டார்கள். தென்னாப்பிரிக்கா ஏதோ வேறு கண்டம் மாதிரி தனியே நிற்கிறது. படிக்கக் கொடுத்ததில் பெரும்பங்கு வட அமெரிக்கப் பேராசிரியர்கள் எழுதியது. ஆப்பிரிக்கர்கள் தங்களுக்குள் வாதாடியது எதுவுமே மாணவர் காதுக்கு வரவில்லை.

இந்தக் கடைசிக் குறைதான் என்னைக் குத்தியது. உன் வரைவின் நூல் பட்டியலை எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. அதில் ஓர் ஆப்பிரிக்கப் பெயரும் இல்லை. நான் கல்லூரியில் இருந்தபோது போட்ட பட்டியலிலும் இருந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மம்தானி சொன்னதையெல்லாம் நான் ஏற்கவில்லை. காலனிக்கு முந்தைய காலத்தைத் தொல்லியலாளர்களிடம் விட்டதும் அவருக்குக் குறையாகப் பட்டது. மபுங்குப்வேயை மண்ணிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்கள் யார்? ஆனால் சஹாரா விஷயத்தில் அவர் சொல்வது நமக்கும் சேர்த்துத்தான். எகிப்தை நாம் எங்கே வைத்துப் படித்தோம்? பண்டைய நாகரிகங்கள் தாளில், மெசபடோமியாவுக்குப் பக்கத்தில். நைல் எந்தக் கண்டத்தில் ஓடுகிறது என்ற கேள்வியே நமக்கு எழவில்லை. செனகல் வரலாற்றாசிரியர் ஷேக் அன்டா டியோப் வாழ்நாள் முழுக்க வாதாடியது இதற்காகத்தான், எகிப்தை ஆப்பிரிக்காவிடம் திருப்பிக் கொடுங்கள் என்று. அவர் முடிவுகள் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டாம், வாதத்தையாவது பிள்ளைகள் கேட்கட்டுமே.

மம்தானிக்கு முன்னால் இதே பல்கலைக்கழகத்தில் இன்னொரு கதை. ஆர்ச்சி மஃபேஜே, மானுடவியலாளர், இங்கேயே படித்தவர். 1968இல் அவரை விரிவுரையாளராக நியமித்தார்கள். கறுப்பர் எப்படி அங்கே பாடம் நடத்தலாம் என்று அரசு மிரட்டியது, நியமனத்தைத் திரும்பப் பெற்றார்கள். அந்த ஆகஸ்டில் மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் புகுந்து ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் வெள்ளைப் பிள்ளைகள். மஃபேஜே பல வருஷம் வெளிநாட்டில் வாழ்ந்தார், தார் எஸ் சலாம், ஹேக், கெய்ரோ என்று. நிறவெறி முடிந்த பிறகும் இங்கே அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 2007இல் இறந்துபோனார். பல்கலைக்கழகம் அவர் குடும்பத்திடம் முறையாக மன்னிப்புக் கேட்டுக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது 2008இல். 2015இல் காலனி ஆதிக்கவாதி செசில் ரோட்ஸின் சிலையை எடு என்று கிளம்பிய மாணவர்கள் போய் உட்கார்ந்ததும் அதே கட்டடத்தில்தான். ஏப்ரல் 9ஆம் தேதி சிலை போய்விட்டது. அது இருந்த படிக்கட்டில் நின்று பார்த்தேன். ஊர் முழுக்கத் தெரிகிறது, நல்ல காற்று.

1968 என்னவோ ஒரு வருஷம். அந்த வருஷம் அக்டோபரில் கென்யாவின் நைரோபிப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களாக இருந்த கூகி வா தியாங்கோ, ஹென்றி ஒவூர் அன்யும்பா, தபான் லோ லியோங் மூவரும் ஆங்கில இலக்கியத் துறையையே எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். இங்கிலீஷ் படிக்காதே என்பதில்லை. முதலில் உன் ஊர், உன் வாய்மொழிக் கதை, பிறகு கண்டம், அதற்கப்புறம் மற்ற உலகம் என்று வரிசையை மாற்றச் சொன்னார்கள். பிற்பாடு அங்கே துறையின் பெயரே இலக்கியத் துறை என்று ஆனது.

அப்புறம் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் நூலகம். நேற்று முன்தினம் அந்தப் பக்கம் நடந்து போனேன். 2021 ஏப்ரல் 18, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலையில் பிடித்த தீ இறங்கி வந்து ஜாகர் வாசக அறையை எரித்துவிட்டது. ஆப்பிரிக்க ஆய்வுத் தொகுப்பின் அச்சு நூல்களில் சுமார் 70,000 போயின. கீழ்த்தளத்தில் தீத்தடுப்புக் கதவுகள் இறங்கியதால் அங்கிருந்தவற்றில் பெரும்பகுதி பிழைத்தது, ஆனால் தீயை அணைத்த தண்ணீர் அங்கேயும் இறங்கிவிட்டது. ஊர் ஜனங்கள் வரிசையாக நின்று, பெட்டி பெட்டியாகக் கைமாற்றி ஈரத் தாள்களை வெளியே கொண்டுவந்தார்களாம். நர்ஸம்மாவின் பேரனும் ஒரு வாரம் போயிருக்கிறான். பெட்டியில் என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாது என்கிறான். "கனமாக இருந்தது, பாட்டி."

இனி உன் வேலை. என் யோசனை இது, பிடிக்காவிட்டால் விட்டுவிடு. காலனி ஆட்சியை ஒரே அலகாக்கு. பெர்லின் 1884-85, பெரும்பாலான நாடுகளின் விடுதலை 1960களில். கூட்டிக் கழித்தால் எண்பது வருஷம். நைஜீரிய வரலாற்றாசிரியர் அடே அஜாயி காலனி ஆட்சியை ஆப்பிரிக்க வரலாற்றில் ஓர் அத்தியாயம் மட்டும் என்று வாதிட்டார். எண்பது வருஷத்துக்கு மூன்று அலகு கொடுத்திருக்கிறாய் நீ. அந்த இடத்தில் எகிப்து, குஷ், அக்சும், மாலி என்ற பழைய அரசுகள், கிழக்குக் கரையின் சுவாஹிலி நகரங்கள், மபுங்குப்வே, பழைய கல் நகரமான பெரும் ஜிம்பாப்வே வரட்டும். நூல்களுக்கு, யுனெஸ்கோ வெளியிட்ட ஆப்பிரிக்கப் பொது வரலாறு எட்டுத் தொகுதி இருக்கிறது. அதன் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு ஆப்பிரிக்கர்கள். இணையத்தில் இலவசம், கல்லூரி நிதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நைஜீரிய வரலாற்றாசிரியர் கென்னத் டிக்கேயையும் சேர். நைஜர் டெல்டா வணிகம் பற்றி வாய்மொழிச் சான்றுகளையும் வைத்து 1956இலேயே புத்தகம் போட்டவர். அதற்கு ஏழு வருஷம் கழித்துத்தான் ஆக்ஸ்ஃபோர்டு வரலாற்றுப் பேராசிரியர் ட்ரெவர்-ரோப்பர், ஆப்பிரிக்காவில் ஐரோப்பியர் வரலாறு மட்டும்தான் உண்டு, மற்றது இருட்டு என்று பேசினார். இரண்டையும் ஒரே வகுப்பில் கொடு, பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

தமிழ்வழிப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கேட்பாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை. யுனெஸ்கோ வரலாற்றின் முதல் தொகுதியில் வாய்மொழி மரபு பற்றிய பகுதியை மொழிபெயர்த்துத் தருகிறேன், இங்கே எனக்கு நேரம்தான் நிறைய இருக்கிறதே.

தென்னாப்பிரிக்காவைக் காந்தியின் ரயிலிலிருந்து தொடங்காதே, அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே அடிமைகளை அடைத்து வைத்த கட்டடம் ஒன்று இருக்கிறது, 1679இல் கட்டியது, இப்போது அருங்காட்சியகம். பழவேற்காட்டில் கோட்டை கட்டி வியாபாரம் செய்த அதே டச்சுக் கம்பெனிதான் இதையும் கட்டியது. 1652 முதல் 1808 வரை கேப்புக்கு இறக்கியவர்கள் சுமார் 63,000 பேர். மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், அப்புறம் நம் பக்கம். ஊர்ப் பெயரையே ஆளுக்குப் பின்னொட்டாகப் போட்டிருக்கிறார்கள். வங்காளம், மலபார், கோரமண்டல். முன்னால் இருப்பது எஜமான் வைத்த பெயர். நாம் முப்பது வருஷம் வரலாறு நடத்தினோம், மங்கை. சோழமண்டலக் கரையிலிருந்து ஆள் பிடித்து இங்கே கொண்டுவந்தார்கள் என்று ஒரு நாளாவது சொன்னோமா?

அண்ணனுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? ஆபரேஷன் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தால் என்னிடம் பேசச் சொல். பேத்தி இங்கே பள்ளியில் கோசா மொழி கற்றுக்கொள்கிறாள். அதில் நாக்கைச் சொடுக்கும் ஒலிகள் உண்டு. எனக்கு இன்னும் ஒன்றுகூட வரவில்லை, அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். பாடத்திட்டக் குழு எப்போது கூடுகிறது என்று எழுது, அதற்குள் அந்தப் பகுதியை முடித்து அனுப்பப் பார்க்கிறேன். ஃபஷோடாவை எங்கேயாவது ஒரு மூலையில் சேர்த்துவிடு, சாருக்காக.

அன்புடன்,
தமயந்தி