நிறம் போனது, சாயம் போயிற்றா?

நானோ வேதியியல் ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கும் மதிப்பாய்வாளர்களுக்கும்,

வணக்கம். சாயக்கழிவு நீரைச் சுத்தப்படுத்தும் வெள்ளி நானோதுகள்களைச் செய்வதற்காகக் கடற்பாசிச் சாற்றில் வெள்ளி நைட்ரேட்டை ஊற்றிவிட்டு, கரைசல் மஞ்சளாகிப் பழுப்பேறுவதைக் கண்டு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். பாசியில் உள்ள பாலிஃபீனால்களும் சல்பேட் ஏறிய பாலிசாக்கரைடுகளும் (நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள்) வெள்ளி அயனிக்கு எலக்ட்ரானைக் கொடுத்து உலோகமாக ஒடுக்குகின்றன. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி போர்த்தியும் விடுகின்றன. அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. என் வருத்தமெல்லாம் அடுத்த கட்டத்தில்தான்.

மெத்திலீன் நீலம் என்ற சாயத்தின் கரைசலில் துகளோடு, எலக்ட்ரானை வாரிக் கொடுக்கும் சோடியம் போரோஹைட்ரைடும் போடுகிறோம். (கட்டுரைத் தலைப்பில் 'பசுமை முறை' என்றிருக்கும், அது வேறு கதை.) சில நிமிடங்களில் நீலம் மறைந்து, சாயம் ஒளியை உறிஞ்சுவதைக் காட்டும் 664 நானோமீட்டர் முகடு படுத்துவிடும். 'சாயம் சிதைந்தது' என்று எழுதிவிடுகிறோம். நானும் எழுதினேன். அப்புறம் ஒருநாள் குப்பியை மூடாமல் போய்விட்டேன். மறுநாள் வந்து பார்த்தால் மேல்மட்டத்தில் நீலம்! சாயம் எங்கும் போகவில்லை. எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு நிறமற்ற லூக்கோ வடிவத்தில் இருந்திருக்கிறது. காற்றின் ஆக்சிஜன் பட்டதும் பழையபடி ஆகிவிட்டது. குலுக்கினால் நிறம் வரும் 'நீலப் புட்டி' சோதனையில் நடப்பதும் இதுதான்.

இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான அசோ பிணைப்பு கொண்ட அசோ சாயங்களில் நிறம் திரும்பாது, சரி. ஆனால் அவற்றில் ஒன்றான காங்கோ சிவப்பின் அசோ பிணைப்பை ஒடுக்கி அறுத்தால் பென்சிடின் மிஞ்சும். அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள். சிவந்த நீரைவிடத் தெளிந்த நீர் ஆபத்தானதாகிவிடலாம்.

ஆகவே, நிறமாலைக் கோடு ஒன்றை மட்டும் நம்பி ஏற்றுக்கொள்ளாதீர்கள். நீரில் மொத்தக் கரிமக் கார்பன் எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள்; சாயம் உண்மையிலேயே அழிந்ததா என்பதை அது காட்டும். வெயிலில் செய்த சோதனையென்றால் இருட்டில் வைத்த குப்பியின் முடிவையும், துகள் இல்லாமல் சாயத்தை மட்டும் வெயிலில் வைத்த முடிவையும் கேளுங்கள். பாசியின் எச்சமே சாயத்தை உறிஞ்சிக்கொள்ளும், மெத்திலீன் நீலம் வெளிச்சத்தில் தானாகவும் வெளுக்கும். நீரில் கரைந்துபோன வெள்ளியின் கணக்கு வேண்டும். முடிந்தால் உண்மையான சாயக்கழிவில் ஒரு சோதனை. அதில் உப்பு மிகுதி. உப்பிலுள்ள குளோரைடு வெள்ளியோடு வினைபுரியும், சும்மா விடாது.

என் கட்டுரையைப் படித்த மூன்று மதிப்பாய்வாளர்களில் ஒருவர்கூட இவற்றைக் கேட்கவில்லை. துகளின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் இன்னும் தெளிவாக வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள்.

அன்புடன்,
கடற்பாசியோடு இன்னும் மல்லுக்கட்டும் ஓர் ஆய்வாளன்