எலும்பு வெட்டும் கத்தியில் வாய் பெயர்வது குறித்த புகார்

அனுப்புநர்: ஆட்டிறைச்சிக் கடை, மதுரை
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: டி2 உருக்கு வெட்டுக்கத்திகள் 6, பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா,

உங்களிடம் வாங்கிய 6 வெட்டுக்கத்திகளில் 4-ஐப் பிரித்துப் பயன்படுத்தினோம். பத்தே நாளில் நான்கிலும் வாய் பெயர்ந்துவிட்டது. 1 முதல் 2 மி.மீ. ஆழத்துக்குப் பிறை பிறையாகச் சில்லு போயிருக்கிறது. வெட்டியது அன்றறுத்த ஆட்டின் தொடையும் நல்லி எலும்பும்தான், உறைந்த கறி இல்லை. கட்டையும் புளியங்கட்டை.

சாணை சரியில்லை என்று உங்கள் சேவைப் பிரிவில் சொன்னார்கள். இரண்டு கத்திகளுக்குச் சாணையே பிடிக்கவில்லை. மற்ற இரண்டில், பக்கத்துக்கு 15 பாகையாக இருந்த வாயின் கோணத்தைக் கைக்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்து 25 பாகையாக்கினோம். சூடேறிப் பதம் போக வழியே இல்லை. சில்லு சிறிதானது, பெயர்வது நிற்கவில்லை.

கோளாறு உருக்கைத் தேர்ந்ததில் இருக்கிறது. பெட்டியில் கடினம் 61 ராக்வெல் என்று போட்டிருக்கிறீர்கள். புது அரம் வாயில் பிடிக்காமல் வழுக்குகிறது, ஆகவே அதில் பொய்யில்லை. ஆனால் டி2 என்பது உலோகத் தகட்டை வெட்டும் அச்சு (டை) செய்யும் உருக்கு. சுமார் 1.5 சதவீதம் கரிமமும் 12 சதவீதம் குரோமியமும் சேர்ந்து அதில் கார்பைடு எனும் மிகக் கடினமான பெரிய துகள்களாக நிற்கின்றன. தேய்மானத்தை அவை நன்றாகத் தாங்கும். தோலுரிக்கவும் கறி அரியவும் இதே உருக்கை நாங்களே கேட்டு வாங்குவோம். எலும்பில் ஓங்கிப் போடுவது வேறு வேலை. கை சற்றுத் திரும்பினால் வாய் பக்கவாட்டில் வளைய வேண்டும். வளையாத உருக்கில் விரிசல் கார்பைடைப் பிடித்துக்கொண்டே ஓடும். உடைந்த இடம் சாம்பல் நிறக் குருணையாக இருப்பதை இணைத்துள்ள படங்களில் காணலாம்.

லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி சீக்கிரம் மழுங்கும், வாயும் மடங்கும். கம்பியில் நாலு இழுப்பு இழுத்தால் நிமிர்ந்துவிடும். பெயர்ந்த வாய்க்கோ 2 மி.மீ. உருக்கையே தேய்த்து எடுக்க வேண்டும், அதுவும் சாதாரணக் கல்லுக்கு எளிதில் மசியாத டி2-வில். அதைவிடப் பெரிய கவலை, போன சில்லு எங்கே என்பது. ஒன்று மட்டும் கட்டையில் அகப்பட்டது. மற்றவை கிடைக்காததால் அந்தக் கறியை விற்காமல் கொட்டினோம்.

6 கத்திகளுக்கும் பணம் வேண்டும். மாற்றித் தருவதானால் 5160 அல்லது இஎன்45 என்ற ஸ்பிரிங் உருக்கில், 54 முதல் 56 ராக்வெல்லுக்குள், பக்கத்துக்கு 25 பாகைக் கூருடன் தாருங்கள். கூருக்குச் சற்றுப் பின்னால் 1 மி.மீ. கனமாவது இருக்கட்டும். டி2-வையே பதம் இறக்கி 57-இல் அனுப்ப வேண்டாம், கார்பைடு அப்படியேதான் இருக்கும். பெட்டியில் உள்ள ‘எலும்புக்கும் ஏற்றது’ என்ற வரியையும் எடுத்துவிடுங்கள்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம். பிரிக்காத 2 கத்திகளும் பெயர்ந்த 4 கத்திகளும் பரிசோதனைக்காகக் கடையில் இருக்கின்றன.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்

இணைப்பு: பில் நகல், படங்கள்