அந்த 'ஆனாலும்' என்ற ஒரு சொல்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வார ஞாயிறு இணைப்பில் மறக்க முடியாத விளம்பரங்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 2011 பிப்ரவரியில் தள்ளுபடிக் கூப்பன் விற்கும் அமெரிக்காவின் குரூப்பான் நிறுவனம், சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் நடுவே ஒளிபரப்பிய திபெத் விளம்பரத்தை 'துணிச்சலான நகைச்சுவை' என்று ஒரே வரியில் பாராட்டியிருந்தீர்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். திபெத் மக்கள் கஷ்டத்தில் இருக்கிறார்கள், அவர்களுடைய பண்பாடே அழியும் நிலையில் இருக்கிறது என்று நடிகர் திமோதி ஹட்டன் ஆரம்பிப்பார். கேட்கிறவர் மனசு லேசாக இளகும் நேரத்தில் காட்சி ஓர் உணவகத்துக்கு மாறிவிடும். ஆனாலும் அவர்கள் வைக்கும் மீன் குழம்பு அபாரம், 30 டாலர் சாப்பாடு நமக்கு 15 டாலருக்கே கிடைக்கிறது என்பார். அவ்வளவுதான் விளம்பரம். அமெரிக்காவில் மட்டும் 11 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்த போட்டி அது.

அந்த 'ஆனாலும்' தான் என்னை உறுத்துகிறது. நாட்டை இழந்தவர்களின் துக்கத்தை முதலில் எடுத்துவைத்து, அடுத்த மூச்சிலேயே அதை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தள்ளுபடிக்கு வருகிறார்கள். எழவு வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு, சரி, சாப்பாட்டுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிற மாதிரி இருக்கிறது.

எங்கள் ஊரில் குளிர்காலம் வந்தால் ஸ்வெட்டர் விற்க வரும் திபெத்திய அக்கா ஒருவரை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். தமிழிலேயே விலை சொல்வார். 1959இல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்ததைத் தொடர்ந்து மலை தாண்டி வந்த குடும்பம், அக்கா பிறந்தது கர்நாடகத்தின் பைலகுப்பே முகாமில். ஒரு நாள் மதியம் வீட்டிலிருந்து மீன் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றார். ஒரு யாக் மாட்டைக் கொன்றால் பல பேர் பல நாள் சாப்பிடலாம், ஒரு மீனால் ஒருத்தர் வயிறுகூட நிறையாது, அதற்கு ஏன் ஓர் உயிர் என்று அவருடைய அம்மா சொல்வாராம். திபெத்தியர்களில் நிறையப் பேர் பரம்பரையாகவே மீனைத் தொடுவதில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. பண்பாடு அழிகிறது என்று சொல்லி விளம்பரம் எடுத்தவர்கள், அந்தப் பண்பாட்டில் சோற்றுத் தட்டில் என்ன இருக்கும் என்றுகூடக் கேட்டுப் பார்க்கவில்லை.

நாங்கள் எங்களையேதான் கிண்டல் செய்துகொண்டோம், திபெத்தியர்களுக்காக நன்கொடையும் திரட்டுகிறோம் என்று நிறுவனம் முதலில் விளக்கம் சொன்னது. நன்கொடை திரட்டியது உண்மைதான், அது நல்ல காரியம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விளம்பரத்துக்குள் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே! எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களில் விளம்பரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அது வந்த அடுத்த மாதம், மார்ச் 16 அன்று, கீர்த்தி என்ற திபெத்திய புத்த மடத்தைச் சேர்ந்த இளம் துறவி ஒருவர் சீன ஆட்சியை எதிர்த்துத் தீக்குளித்தார், மறுநாள் இறந்தார். 2009 முதல் இப்படித் தங்களையே எரித்துக்கொண்ட திபெத்தியர்கள் 150 பேருக்கும் மேல்.

இந்த விளம்பரத்தைப் பற்றி இனி எழுதும்போது, அதை ஏன் திரும்பப் பெற வேண்டியிருந்தது என்பதையும் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள். குளிர்காலத்தில் இங்கே கடை போடும் அந்த அக்காவும் மீதி நேரத்தில் உங்கள் பத்திரிகையைத்தான் புரட்டிக்கொண்டிருப்பார். எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கு இப்போது தமிழ் கற்றுக்கொண்டுவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்