வண்டி எடுத்துவிட்டது, மாப்ளே

கடலூர்,
ஞாயிறு இரவு

அன்பு மாப்ளே,

நலம். வீட்டில் எல்லோரும் நலம்தானே? பாப்பாவின் பிறந்தநாளுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராததும், அப்புறம் ஒரு போன்கூடப் பண்ணாததும் என் தப்புதான். மூன்று மாதமாக உறுத்துகிறது. ஆனால் இன்று எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்கு. அப்பாவின் மாருதி 800 பிழைத்துவிட்டது. சில்வர் பீச் ரோட்டில் ஐஸ்காரரை நீ ஓடவிட்டாயே, அதே வண்டி!

போன மாதம் அம்மாவுக்கு ஜிப்மரில் கண் செக்கப். விடிகாலை ஐந்து மணிக்கு ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். சாவியைத் திருப்பினால் ‘டிக்’. மறுபடி திருப்பினேன், மறுபடி ‘டிக்’. பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். பஸ் கன்னியக்கோவிலைத் தாண்டும்போது அம்மா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: “அந்த வண்டியை வித்துடுப்பா. அது நிக்கிறதைப் பார்க்க முடியலை.” எனக்குப் பேச்சே வரவில்லைடா.

முதலில் வந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் பேட்டரி போச்சு என்றார். 3,900 ரூபாய் கொடுத்துப் புதிது போட்டேன். இரண்டு நாள் ஓடியது, மூன்றாம் நாள் ‘டிக்’. அடுத்து வந்தவர், என்ஜினைச் சுழற்றிவிடும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி வேலை பார்க்கணும், 2,500 ஆகும் என்றார். சரி என்று சொல்ல வாயெடுத்தவன், நம்ம பழைய மெக்கானிக் ஓ.டி. பாய்க்கு ஒரு போன் போட்டேன். இப்போது கடை திறப்பதில்லை, பார்வை குறைந்துவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. உன்னைத்தான் முதலில் விசாரித்தார்.

“ஹெட்லைட்டைப் போட்டுட்டுச் செல்ஃப் அடி. மங்குதா?” என்றார். துளிக்கூட மங்கவில்லை. “அப்ப மோட்டாருக்குப் போதுமான கரண்ட் போகலை. பேட்டரியை ஏன் திட்டுறே? நாலு தடவை அடிச்சிட்டு ஆக்சிலேட்டர் கேபிளைத் தொட்டுப் பாரு.”

தொட்டேன். இட்லிப் பானை மூடி மாதிரி சுட்டது!

யோசித்துப் பார், எவ்வளவு அழகான துப்பு. என்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடியோடு நேரடித் தொடர்பு கிடையாது. செல்ஃப் இழுக்கும் நூறு ஆம்பியரும் பேட்டரிக்குத் திரும்ப ஒரே பாலம், கியர்பாக்ஸில் முடுக்கிய எர்த் ஒயர். பாலம் உடைந்தால் கரண்ட் கிடைத்த சந்தில் நுழைகிறது. மெல்லிசான ஆக்சிலேட்டர் கேபிள் வழியே போய் அதைச் சூடாக்குகிறது. ஹெட்லைட்டுக்கு எர்த் பாடியில் தனியாக இருப்பதால் அது பாட்டுக்கு ஜம்மென்று எரிகிறது. அதைப் பார்த்துத்தான் நாம் ஏமாறுகிறோம்.

பாலிடெக்னிக் நாளில் கூட்டாக வாங்கினோமே, வோல்ட் அளக்கும் மஞ்சள் மல்டிமீட்டர், அதைத் தேடி எடுத்தேன். ஒரு முனை பேட்டரி மைனஸ் கம்பத்தில், இன்னொன்று என்ஜின் இரும்பில். தம்பியைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 4.2 காட்டியது. பேட்டரி மட்டும் 11.8-இல் ஆடாமல் நின்றது. அடியில் படுத்துப் பார்த்தால் எர்த் ஒயர் முனை முழுக்கப் பச்சைப் பொடி. விரலால் வளைத்தேன், செம்புக் கம்பிகள் நார் நாராக உதிர்ந்து முகத்தில் விழுந்தன. தேவனாம்பட்டினம் உப்புக்காற்று இத்தனை வருஷம் உள்ளேயே தின்றிருக்கிறது. புது பேட்டரி போட்ட அன்று ஒயரை அசைத்ததில்தான் அந்த இரண்டு நாள் பிடிப்பு கிடைத்திருக்கிறது.

மைனஸ் டெர்மினலை முதலில் கழற்றி, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, 220 ரூபாய்க்குப் புது ஒயர் மாட்டி, மேலே வாசலின் தடவினேன். மீட்டர் 0.2. சாவியைப் பாதி திருப்புவதற்குள் எடுத்துவிட்டது.

ஐந்து நிமிட வேலைடா அந்தச் சோதனை. இரண்டு பேரில் ஒருவரும் மீட்டரைக் கையில் எடுக்கவில்லை. கடலோர ஊரில் கடை வைத்துக்கொண்டு எர்த் ஒயரைக் குனிந்து பார்க்காமல் பேட்டரி விற்கிறார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. தானே புயலுக்கு மறுநாள், முருங்கை மரம் மேலே கிடந்தபோதுகூட இந்த வண்டி முதல் சாவிக்கு எடுத்தது. நீயும்தான் பக்கத்தில் நின்றாய். அதைப் போய் விற்க இருந்தேனே.

சத்தம் கேட்டு அம்மா கரண்டியோடு வெளியே வந்தார். கொஞ்ச நேரம் நின்றார். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பின்சீட்டில் அதே ஓரத்தில் உட்கார்ந்தார். எங்கேம்மா என்றேன். “பாடலீஸ்வரர் கோயில் வரைக்கும் போய்ட்டு வரலாம்.”

நெட்டைக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, அவனே எழுதுவான். உன் வண்டி காலையில் மக்கர் பண்ணுகிறது என்றாயே, ஒரு பைசா செலவழிக்கும் முன் ஹெட்லைட்டைப் போட்டுச் செல்ஃப் அடித்துப் பார். நன்றாக மங்கினால் பேட்டரியையும் டெர்மினலையும் பார். மங்காமல் ‘டிக்’ மட்டும் வந்தால் எர்த் ஒயரில் தொடங்கு, அப்புறம் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சான சொலினாய்டு. என்ன ஆச்சு என்று எனக்கு எழுது. கார்த்திகைக்குப் பாப்பாவோடு வா. பஸ் ஸ்டாண்டுக்கு இந்த வண்டியில்தான் வருவேன்.

உன்,
மாப்ளே